போஸ்ட்கார்டு அளவுக்குச் சுருங்கிய என் குடும்பம்

பெற்ற மகனைப் படத்தில்கூடப் பெரிதாகப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவனைக் கூட்டிக்கொண்டு போன வாரம் ஐந்தருவிக்குப் போனோம். மனைவியின் அண்ணன் குடும்பமும் வந்தது. முதலில் அவர்களை என் கேமராவில் நான் எடுத்தேன். பிறகு கேமராவை மச்சான் கையில் கொடுத்துவிட்டு நான், மனைவி, மகன், மகள் என நாலு பேரும் போய் நின்றோம்.

மகன் நேற்று கிளம்பிவிட்டான்.

இன்று தென்காசியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய், கேமராவின் மெமரி கார்டைக் கொடுத்து, எங்கள் படத்தைச் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பிரிண்ட் கேட்டேன். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணாச்சி, இது ரொம்பச் சின்ன சைஸுல எடுத்திருக்கு. பெருசு பண்ணுனா மூஞ்சியெல்லாம் கட்டங்கட்டமாத்தான் தெரியும். போஸ்ட்கார்டு அளவுதான் தாங்கும். இதே கார்டுல இன்னொரு குடும்பம் இருக்குல்லா, அதைச் சுவரு முழுக்கக்கூடப் போடலாம்."

அங்கிருந்தே மச்சானுக்குப் போன் போட்டேன்.

"ஆமா மாப்ள, கார்டு ரொம்பிரக் கூடாதுன்னு நான்தான் சைஸைக் குறைச்சு வச்சேன். போன்ல பாக்கதுக்கு அது போதும்லா?"

கார்டில் முக்கால்வாசி இன்னும் காலி. அவர் குடும்பம் மட்டும் முழு அளவில், பல்லை எண்ணிவிடலாம் போல நிற்கிறது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். அவள் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"எங்க அண்ணன் படம் அம்சமா இருக்கே. அதையே பெருசாப் போட்டு மாட்டிருங்களேன்."

நடுவீட்டில் காலையிலேயே ஆணி அடித்தாயிற்று. அதைப் பிடுங்குவதா, அதில் மச்சான் குடும்பத்தை மாட்டுவதா? சொல்லுங்கள் மக்களே. மச்சான் இருக்கிறவர்கள் மட்டும் சொன்னால் போதும்.