தணிக்கையில் தேறாதவன்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விதிமுறைகள் அத்தனையும் மனப்பாடம். ஆனாலும் ஒரு காலையில் பிரஸ் இயந்திரத்தில் கை சிக்காமல் காக்கும் தடுப்பைச் சோதிக்காமலேயே சரிபார்ப்புத் தாளில் கையெழுத்திட்டேன். அன்றே அதில் வேலை செய்த திருநெல்வேலிப் பெண் ஜெபாவுக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

அதன்பின் தினமும் என்னையே தணிக்கை செய்தேன். 'தகுதியில்லை' என்றே முடிவு வந்தது. அந்தத் தணிக்கையை மட்டும் ஒருநாளும் தவறவிடவில்லை. மூன்று ஆண்டுகளாகச் சபையில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எழுந்ததே இல்லை.

ஒரு ஞாயிறு திருவிருந்து நேரத்தில், அதே சபைக்கு வரும் ஜெபா என் வரிசையருகே வந்து நின்றாள்.

"நீங்க பட்டினி கெடந்தா எனக்கு வெரல் மொளச்சிருமா சார்? தகுதி பாத்தா கர்த்தர் நம்மளக் கூப்பிட்டாரு? எந்திரிங்க."

எழுந்தேன். எனக்கு முன்னால் அவள் மூன்று விரல்களால் அப்பத்தை வாங்கினாள்.

குற்றம் என்னுடையதுதான். தீர்ப்பெழுதும் வேலையை மட்டும் இப்போது உரியவரிடம் விட்டுவிட்டேன்.