அப்பா எழுந்து நின்றார்

பிரதேச சபையிலிருந்து ஆள் வரப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். பக்கவாதம் வந்து அவருடைய இடது கால் விழுந்துபோனதிலிருந்து, எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கோடியில் இருக்கும் கழிப்பறைக்கு அவரை மகள் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். என் இடுப்பு எத்தனை நாள் தாங்கும்? வருகிறவர் நேரில் பார்த்து, நடக்க முடியாதவர் என்று எழுதினால்தான் நாற்காலி கிடைக்கும்.

அன்று காலையிலேயே சொல்லி வைத்தேன். "அப்பா, அவங்க வந்தா அப்படியே கட்டில்ல உக்காந்திருங்க. எந்திரிக்கப் பாக்காதீங்க."

"நான் என்னத்த எந்திரிக்கிறது?" என்று எரிந்து விழுந்தார்.

ஹாலிஎல டவுனிலிருந்து வரும் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். கடைசியில் அவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சின்ன வயசுதான். காலில் சப்பாத்து, கையில் ஃபைல். அவர் வாசலில் நின்றதுதான் தாமதம், அப்பா சுவரைப் பிடித்தார், ஜன்னல் கம்பியைப் பிடித்தார், எழுந்து நின்றேவிட்டார். எட்டு மாதமாக நிற்காத மனுஷன்! தோளில் கிடந்த துண்டும் கக்கத்துக்கு இறங்கிவிட்டது. ஆயுசு முழுக்கத் தேயிலை மலையில் தோட்டத்துத் தொரைமாருக்கு முன்னால் நின்ற உடம்பு அது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"ஐயா, நீங்க உக்காருங்க," என்றார் வந்தவர்.

"தொர நிக்கிறப்ப நான் உக்காருறதா? நீங்க உக்காருங்க தொரே." வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைக் காட்டினார் அப்பா. அவரும் மரியாதைக்கு உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார்.

"ஃபோம்ல நிக்கவே ஏலாதுன்னு போட்டிருக்கீங்க?"

பொய் சொல்லி வாங்க வந்தவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"ஏலாதுங்க சேர். இது பழக்கத்துல..." பேனா தாளில் இறங்கப் போனது. உடுத்தியிருந்த சாரத்துக்குள் அப்பாவின் கால் நடுங்குவது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. விழுந்தால் எலும்பு போய்விடும், விழாமல் நின்றால் நாற்காலி போய்விடும். எதையும் யோசிக்கவில்லை. குனிந்து அவர் சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கினேன்.

"பாருங்க சேர். இதுதான் கால்."

சூம்பிப்போய், புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்த கால். அந்த இளைஞர் பதறி எழுந்து அப்பாவைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார். அப்பா சாரத்தை இழுத்துக் கால்விரல்வரை மூடிக்கொண்டார்.

அடுத்த மாதம் சக்கர நாற்காலி வந்தது. இப்போது வாசல்வரை தானே உருட்டிக்கொண்டு வருகிறார். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான். முன்பெல்லாம் அவருக்கு நான்தான் சாரம் மாற்றிவிடுவேன். இப்போது கிட்டப் போனால், "அண்ணன் வரட்டும்," என்கிறார்.

அண்ணன் கொழும்பில் கடையில் வேலை செய்கிறான். தீபாவளிக்குத்தான் வருவான்.