கை கழுவிய தண்ணீர்

அந்த வாடகை வாகனத்தில் நான் இருந்தேன். என் மனுசி இருந்தாள். அவளின் தம்பி, கனடாவில் பிறம்ரனில் ட்ரக் ஓடுகிறவன், இருந்தான். வாகனத்தை ஓட்டியவர் யோர்தான் நாட்டுக்காரர். வேறு ஒருவரும் இல்லை.

எனக்கு வேலையில் லீவு தந்த கிழமை கந்தசஷ்டி. யோர்தானுக்கு டிக்கெட் எடுத்த பிறகுதான் நான் கலண்டரைப் பார்த்தேன். மனுசி விரதத்தை விடவில்லை. ஆறு நாளும் பகலில் தண்ணீரும் குடிக்கமாட்டாள். பொழுதுபட்ட பிறகு தண்ணீர், பழம், அவ்வளவுதான்.

அன்று விடியவும் டோர்செட் பார்க்கில் எங்கள் கொண்டோ அடுக்குமாடி வீட்டிலிருந்து கொண்டுபோன றைஸ் குக்கரில் எனக்கும் தம்பிக்கும் சோறு வைத்தாள். கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். ருசி பார்க்காமல் சமைத்தது. உப்பு சரியாகவே இருந்தது.

பாலைவனத்துக்குள் ஒரு பழைய பட்டணம். தூண்கள் நின்றன, கூரை இல்லை. ஒரு தூணின் நிழலில் இருந்து நானும் தம்பியும் சாப்பிட்டோம். அடுத்த கடை தூரம், தண்ணீரைப் பார்த்துச் செலவழியுங்கள் என்று ஓட்டுநர் முதலே சொல்லியிருந்தார். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

போத்தல் தண்ணீரை ஊற்றிக் கை கழுவினோம். மணக்கும் என்று சாப்பாட்டுப் பெட்டியையும் அலசினேன்.

"அத்தான், கொண்டோ வீட்டுப் பைப் எண்டு நினைச்சியளோ?" என்று தம்பி சிரித்தான். அவனும் கையை நீட்டினான். மனுசி எங்களைப் போனில் படம் எடுத்தாள்.

திரும்பும் வழியில் வாகனம் சூடேறி நின்றுவிட்டது. மிச்சமிருந்த இரண்டு போத்தல் தண்ணீரையும் ஓட்டுநர் எஞ்சினுக்கு ஊற்றினார். அது அசையவில்லை. வேறு வாகனம் வரும் என்றார். றோட்டோரம் இருந்தோம். பொழுது பட்டது.

மனுசி கேட்டாள். "தண்ணி இருக்கோப்பா?"

"இல்லை."

ஓட்டுநர் தன் சீற்றுக்குக் கீழே இருந்து அரைப் போத்தல் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார். அது அவர் தனக்கு வைத்திருந்தது. அவள் இரண்டு மிடறு குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவர் நெஞ்சில் கை வைத்து, வேண்டாம் என்று தலையசைத்தார். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வருகிற சனம் பயணம் எப்படி என்று கேட்கும். நல்லாயிருந்தது என்பாள். போனைக் காட்டுவாள். தூண், மணல், அடுத்தது நானும் தம்பியும். கை நீட்டியபடி சிரிக்கிறோம். அந்தப் படத்தை அவள் அழிக்கவில்லை. அழி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படத்தில் எங்கள் காலடியில் வெறும் போத்தல்கள் கிடக்கின்றன. எண்ணிப் பார்த்தேன்.

மூன்று.