ஊதிக் காட்டும் வாசல்

அந்த அரசு குடிநோய் மருத்துவமனையின் வாசலில் மூக்கர் என்றொரு காவலாளி இருந்தார். வைத்தியம் கேட்டு வருகிறவன் முதலில் அவர் முகத்தில் ஊதிக் காட்ட வேண்டும். வாடை வந்தால், "தெளிஞ்சதும் வாப்பா" என்று அனுப்பிவிடுவார். அரசாங்க விதி அது. காய்ச்சல் விட்டதும் வா, ஊசி போடுகிறோம் என்கிற இந்த மகா புத்திசாலித்தனத்தை யோசித்தவருக்குப் பதவி உயர்வே கிடைத்திருக்கும். திரும்பிப் போனவர்கள் நேரே எதிர்த் தெரு மதுக்கடைக்குப் போனார்கள்.

இதை மாற்றியே தீருவது என்று கிளம்பியவள் சுகாதாரத் துறை ஆய்வாளர் கேள்விக்காரி. சாப்பாட்டில் உப்பு குறைவு என்று புருஷன் சொன்னால்கூட, "எதை வெச்சு சொல்றீங்க?" என்பாள். அவள் தம்பி தச்சன். நல்ல வேலைக்காரன், அதைவிட நல்ல குடிகாரன். மூக்கர் ஒருமுறை திருப்பி அனுப்பியதிலிருந்து அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. அவனை எப்படியாவது உள்ளே சேர்க்க வேண்டும். அவளுடைய ஆராய்ச்சி ஆர்வமெல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

துறைச் செயலாளர் ஆதாரம் கேட்டார். அவளே வழி சொன்னாள்: ஒரு வாரம் பழைய விதி, மறு வாரம் வாடையோடு வந்தாலும் படுக்கை, இப்படியே மாறி மாறி. எந்த வாரத்து ஆட்கள் அதிகம் தேறுகிறார்கள் என்று பார்த்துவிடலாம். ஒருத்தருக்குச் சலுகை காட்டினாலும் ஆய்வு கெட்டது என்று மூக்கருக்குக் காது புளிக்கச் சொல்லிவைத்தாள்.

கெஞ்சிக் கூத்தாடியும் வராத தம்பி, ஒருநாள் தானாகவே வாசலில் வந்து நின்றான். பழைய விதி வாரம் அது. ஊதினான். பக்கத்தில் நின்று கணக்கெழுதிக்கொண்டிருந்த அவளை மூக்கர் பார்த்தார்.

"மேடம், உங்க தம்பி... என்ன பண்ணட்டும்?"

"விதிப்படி பண்ணுங்க."

"தப்பான வாரத்துல குடிச்சிட்டேனாக்கா?" என்று சிரித்துவிட்டுத் தம்பி எதிர்த் தெருவுக்கு நடந்தான். அவள் கழிப்பறையில் தாழ்போட்டுக்கொண்டு அழுதாள். தன் புத்திசாலித்தனத்தின் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த திங்கட்கிழமை, காலையிலேயே அவன் அறைக்குப் போனாள். போதையில் கிடந்தவன் ஒற்றைக் கண்ணைத் திறந்தான்.

"இது எந்த வாரம்க்கா?"

"உன் வாரம்தான். எழுந்திருடா."

"அப்போ தைரியமா ஊதலாம்."

ஊதினான். மூக்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உள்ள போப்பா" என்றார்.

ஆய்வு முடிந்தது. வாடையோடு சேர்த்துக்கொண்ட வாரங்களே ஜெயித்தன. பழைய விதியைத் தூக்கிப் போட்டார்கள். கடைசிக் கூட்டத்தில் செயலாளர் கேட்டார்:

"ஒருத்தரை மட்டும் ஏம்மா கணக்குல சேர்க்கல?"

"அவனைக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தது நான் சார். என் தம்பி. அவனைச் சேர்த்தா ஆய்வு கெட்டுடும்."

"சரி, இப்போ எப்படி இருக்கான்?"

"ஒரு தடவை ஓடிப்போய்க் குடிச்சான். மறுபடி அவனே வந்து சேர்ந்துட்டான். தேறிடுவான் சார்."

"எதை வெச்சு சொல்றீங்க?"

வாழ்நாளெல்லாம் ஊரைக் கேட்ட கேள்வி அவளிடமே திரும்பி வந்தது. கையிலிருந்த ஆய்வுக் காகிதங்களை மூடி வைத்தாள்.

"நான் அவனுக்கு அக்கா சார்" என்றாள். "அதை வெச்சுதான்."