அரியர் அக்கா

கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு, நாற்காலியை இழுத்துக்கொண்டே வருகிறாள். நூலகத்தின் கீழ்த்தளத்தில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும், கதவோரம் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில்தான் போய்ப் போடுவாள். "கதவுகிட்ட உக்காந்தா பாதி வழி வீட்டுக்குப் போயாச்சுன்னு அர்த்தம்" என்பாள்.

மூன்றாம் ஆண்டு மாணவி. முதலாண்டில் கணக்கில் தோற்று, மறுபடி எழுதித் தேறியவள். 'அரியர் அக்கா' என்பது அவளே சூட்டிக்கொண்ட பெயர். புதிதாகச் சேர்ந்தவர்கள் பாதியில் படிப்பை விட்டு ஓடாமலிருக்க, குழுவுக்கு ஒரு மூத்த மாணவரைத் துணை வைக்கும் திட்டம் என் பொறுப்பில் நடக்கிறது. இவள் பெயரைச் சொன்னதும் துறைத்தலைவர் முகம் சுளித்தார்.

"பெயிலான பொண்ணா?"

"அதனாலதான் சார்" என்றேன்.

அவள் குழுவின் மதிப்பெண்கள் ஒன்றும் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகவில்லை. கொஞ்சம் ஏறின, அவ்வளவுதான். ஆனால் சென்ற ஆண்டு அந்தக் குழுவிலிருந்து ஒருவர்கூட விலகவில்லை. என்னதான் செய்கிறாள் என்று ஒருநாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். யாருக்கும் விடை சொல்லித் தருவதில்லை. "தப்பாப் போடு, பரவால்ல. வெறும் தாளை வச்சுக்கிட்டு மட்டும் உக்காராத" என்று நச்சரிக்கிறாள். மற்றவர்களுக்கென்று பிரிக்கும் பிஸ்கட்டில் பாதியை அவளே தின்றுவிடுகிறாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

இந்த ஆண்டின் முதல் தேர்வு முடிந்த கையோடு, தையல் வேலை செய்யும் ஓர் அம்மா, அக்காவின் குழுவிலிருந்த தன் மகளை அழைத்துப்போக வந்துவிட்டார். பெட்டி கட்டியாகிவிட்டது. அக்காவிடம் சொல்லிக்கொண்டு போக, பெட்டியும் அம்மாவுமாக மகள் நூலகத்துக்கு வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது.

"எல்லாருக்கும் புரியுதுக்கா. எனக்கு மட்டும்தான் மண்டையில ஏறல. பதினஞ்சு மார்க்."

"நான் பன்னெண்டு. என்னைவிட மூணு மார்க் பணக்காரி நீ."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அக்கா அறையிலிருந்த மற்றவர்களைப் பார்த்துத் திரும்பினாள். "நேத்து நடத்துன பாடம் யாருக்கெல்லாம் புரியல? பொய் சொன்னா பிஸ்கட் கிடையாது."

ஒரு கை உயர்ந்தது. அடுத்து இரண்டு. கடைசியில், வகுப்பில் எப்போதும் தலையாட்டும் முதல் மதிப்பெண்காரனும் கூச்சத்தோடு தூக்கினான். அந்தப் பெண் ஒவ்வொரு கையாகப் பார்த்தாள்.

"அம்மா, அடுத்த பரீட்சை வரைக்கும் இருந்து பாக்குறேனேம்மா."

"பஸ்ஸுக்கு நேரமாச்சேடி..." என்று இழுத்தார் அம்மா. ஆனால் பெட்டியின் மேலிருந்த பிடி தளர்ந்திருந்தது.

அக்கா பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, விடுதியைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள்.