அண்ணன் உருவிய துரும்பு

மலைக்கு ரோடு வராத காலம் அது. அடிவாரத்திலிருந்து உப்பும் துணியும் தலைச்சுமையாகத்தான் மேலே வரும். கிறிஸ்து வேதமும் அப்படித்தான் வந்தது, ஒரு தகரப் பெட்டிக்குள். வாழவந்தி நாட்டில் எங்கள் ஊரில் வேதத்தில் சேர்ந்தது ஒரே வீடு, எங்கள் வீடு. சேர்ந்தது என் வீட்டுக்காரர். பானை போன இடத்துக்கு அகப்பையும் போக வேண்டியதுதானே, நானும் போனேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில், அந்தப் பெட்டியைக் கொண்டுவந்த மிஷன் உபதேசியார் எங்கள் களத்தில் உட்கார்ந்து தீர்க்கதரிசிகளின் கதையைச் சொல்வார். ஆண்டவர் ஒரு ஜனத்தோடு உடன்படிக்கை செய்தாராம். அந்த ஜனம் அதை மீறிக்கொண்டே இருந்ததாம். அவருக்கு எரிச்சல் வருமாம், ஊரையே அழிப்பேன் என்பாராம். ஆனாலும் கொடுத்த வாக்கை விடமாட்டாராம். அந்த வைராக்கியம்தான் நம்மைக் காக்கிறது என்று சொல்லும்போது உபதேசியாருக்குக் கண் கலங்கும். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கோபக்காரரோடு குடும்பம் நடத்துகிறவளிடம் வந்து கோபத்தின் பெருமையைச் சொன்னால் என்ன செய்வது? வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டிருந்தேன்.

மகளுக்கு ஒரு வயது ஆனதும் அதே மலையில் உள்ள குண்டனி நாட்டிலிருந்து என் அண்ணன் சீர் கொண்டுவந்தார். தாய்மாமன் மடியில் வைத்துக் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். ஒரு சேவல், அரிசி, பாவாடைத் துணி, காதுக்கு வெள்ளியில் இரண்டு சின்ன வளையம். என் வீட்டுக்காரர் வாசலிலேயே மறித்துவிட்டார்.

“இதெல்லாம் பழைய சாமிக்குச் செய்யறதுங்க மச்சான். எங்க ஊட்ல இனி வேண்டாமுங்க.”

“சாமிய மாத்திக்குங்க மாப்பிள்ளை. தாய்மாமனை எப்பிடி மாத்துவீங்க?”

பேச்சு தடித்தது. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே போய் அண்ணன் பக்கம் நிற்க வேண்டும் என்று தோன்றியது. போகவில்லை. கூரையிலிருந்து அண்ணன் ஒரு துரும்பை உருவுவது கதவிடுக்கில் தெரிந்தது. துரும்பைக் கிள்ளிப் போட்டால் உறவு அறுந்தது என்று எங்கள் பக்கம் அர்த்தம். அதற்குப் பிறகு நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வாசலில் ஆள் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. உபதேசியார் ஜெபித்தார், மிஷன் மாத்திரையும் கொடுத்தார். என் வீட்டுக்காரர் முழங்காலிலேயே இருந்தார். ஒரு நாள் விடிகிற நேரத்தில் மகள் போய்விட்டாள்.

ஊரில் யாரும் வரவில்லை. சாமியை விட்டவர்களுக்கு ஊர் இடுகாட்டில் இடம் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மரவள்ளிக் காட்டு ஓரத்தில் குழி வெட்ட என் வீட்டுக்காரரும் உபதேசியாரும் கிளம்பினார்கள்.

“உன்ற அண்ணனுக்கு ஆள் உடட்டுமா?” என்று வீட்டுக்காரர் கேட்டார்.

துரும்பு கிள்ளியவருக்கு இழவு சொல்லக் கூடாது. “வேண்டாமுங்க” என்றேன்.

மகளைப் பாயில் கிடத்திவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். சாமைச் சோறு பொங்கியது. யாருக்குப் பொங்கினேன் என்று எனக்கே தெரியாது. கூரை ஒழுகிய இடத்தில் சட்டியை வைத்தேன். நிறைந்ததும் கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன். உடம்பில் எங்கேயும் ஒன்றும் வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் அண்ணன் வந்தார். எங்கள் ஊர் வழியாக மிளகு வாங்கப் போன அடிவாரத்து வியாபாரி ஒருவர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். வேட்டி நனைந்து ஒட்டியிருந்தது, காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம். முகத்தைப் பார்த்தால் அடிக்க வந்தவர் மாதிரி இருந்தது.

“எனக்கு எழவு சொல்ல ஒரு ஆளு இல்லையா அம்மிணி?”

“நீங்கதான் துரும்பைக் கிள்ளிட்டீங்களே அண்ணா.”

“ஆரு கிள்ளுனது? கோவத்துல உருவுனேன். கிள்ளக் கை வர்ல. கீழ போட்டுட்டுப் போனேன். நீ பாத்தியா?”

நான் பார்க்கவில்லை.

“பொறவு ஏன் வர்லீங்க?”

“நீ கூப்புடுவேன்னு இருந்தேன்.” குரல் உயர்ந்தது. “கோவம் தீந்து வந்தேன்னு நெனைக்காதே. இன்னமும் தீர்ல. நான் அவளுக்கு மாமன், அதுக்கு வந்தேன்.”

உபதேசியார் சொன்ன ஆண்டவருக்கு முகம் இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

அண்ணன் கொண்டுவந்த கோடித் துணியை விரித்தார். மடியை அவிழ்த்து அந்த இரண்டு வெள்ளி வளையத்தையும் எடுத்தார். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து, மகளைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, குழி வெட்டிவிட்டு உபதேசியாரோடு அப்போதுதான் திரும்பியிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கைமண்ணை வேட்டியில் துடைத்தார். அருகில் உட்கார்ந்து குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டார். உபதேசியார் நகர்ந்து இடம் விட்டார்.

“முள்ளு வேணும்” என்றார் அண்ணன்.

நான் மழையில் போய் எலுமிச்சையில் ஒரு முள் ஒடித்து வந்தேன். காது குத்தும்போது குழந்தை வீறிட்டு அழும், மாமன் மடியை நனைக்கும். என் மகள் அழவில்லை. இரண்டு காதிலும் ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. அவளுக்கும் சேர்த்து அண்ணன் அழுதார், என் வீட்டுக்காரர் அழுதார். கூப்பிட்டிருக்க வேண்டிய நான் முள்ளை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.