லொரெய்ன் வீட்டுப் பத்து மணி

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து, பெரியம்மா மகள் நெட்டா கிம்பலின் சோபாவில் நான் படுக்க ஆரம்பித்த அந்த அக்டோபரில், வீட்டில் நிலைகொள்ளாமல் அலைந்தது நான் மட்டுமல்ல. நெட்டா அக்கா சூப்பை நின்றுகொண்டே குடித்தாள். பேஜ் நகரத்து மளிகைக் கடைக்குள் இருக்கும் மருந்துக் கவுன்டரில் அவளுக்கு வேலை. அங்கேயும் மாத்திரை எண்ணும்போது கால் ஆடிக்கொண்டே இருக்குமாம்.

எல்லாம் ஒரு கல்லால். அரை கிலோமீட்டர் நீளம், நசுங்கிய உருளைக்கிழங்கு வடிவம், சூரியனைச் சுற்றும் சிறுகோள். அதற்கு ஒரு எண்தான் பெயர். அக்கா ‘உருளை’ என்பாள். அது தன்னைத்தானே ஒரு முறை சுற்றப் பதினோரு மணி நேரம் ஆகும். அகலப் பக்கம் திரும்பினால் பிரகாசம் ஏறும், குறுகிய பக்கம் திரும்பினால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் ஒன்பது வருடமாக, கல் பூமிப் பக்கம் வரும்போதெல்லாம், வீட்டுப் பின்னால் வைத்திருந்த தன் தொலைநோக்கியில் அளந்து வந்தாள்.

வெயில் பட்டுச் சூடேறும் கல் அந்தச் சூட்டைத் திரும்ப வெளியே விடுகிறது. வடிவம் கோணல் என்பதால் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாக விடும். அந்த அற்ப உந்துதல் லட்சக்கணக்கான வருடம் சேர்ந்து சுழற்சியையே மாற்றிவிடும்; சில வருடம் விடாமல் அளந்தாலே உச்சம் வரும் நேரம் நிமிடக்கணக்கில் நகர்வது தெரியும். அந்த அக்டோபர் வரை உலகத்தில் இந்த மாற்றம் உறுதியாக அளக்கப்பட்ட கற்கள் கொஞ்சம்தான், அவை எல்லாமே வேகம் கூடியவை. வேகம் குறைகிற கல்லை யாரும் பிடிக்கவில்லை.

அக்கா பிடித்துவிட்டதாக நம்பினாள். இந்த முறை உருளையின் பிரகாச உச்சம், கணக்குப்படி வர வேண்டிய நேரத்தைவிட ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிந்தி வந்தது. ஒவ்வொரு இரவும் அப்படியே. கட்டுரையை எழுதி முடித்து, சனிக்கிழமை தோழி லொரெய்ன் எட்சிட்டிக்கு விருந்து வைத்த பிறகு அனுப்புவதாக இருந்தாள். லொரெய்னுக்கு விருந்து ஏன் என்றால், அக்கா வீட்டுப் பின்னால் வந்த கார் ஷோரூமின் விளக்குகள் வானத்தையே வெளுக்க வைத்துவிட்டன. அதனால் இந்த முறை தொலைநோக்கியைப் பக்கத்திலிருக்கும் நவஹோ பழங்குடியினரின் நிலத்தில், லொரெய்னின் ஆட்டுப்பட்டி ஓரமாகக் கொண்டுபோய் வைத்திருந்தாள்.

காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டுக் கடிகாரம் ஒன்பது காட்டும்போது லொரெய்னின் லாரி வாசலில் நின்றது. அக்கா தலையில் துண்டோடு கதவைத் திறந்தாள்.

“பத்துன்னுதானேடி சொன்னேன்?”

“பத்துதான். எங்க பத்து.” லொரெய்ன் பொரித்த ரொட்டிப் பொட்டலத்தை என் கையில் திணித்தாள். “என் வீட்டு நாற்காலியில உக்காந்துகிட்டு நீ கூப்பிட்ட. அங்க உக்காந்து சொன்னா அது எங்க மணி. இத்தனை வருஷமா இருக்கிற, இது தெரியாதா?”

தெரியாமல் என்ன. வெயில் காலத்துக்கென்று எங்கள் ஊர் கடிகாரத்தைத் தள்ளாது, நவஹோ நிலம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளும், நவம்பர் பிறக்கும் வரை அப்படியே இருக்கும். பல் டாக்டரிடம் நேரம் வாங்கினாலும், கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும், ‘யார் மணி?’ என்று கேட்காமல் இங்கே யாரும் போனை வைக்கமாட்டார்கள்.

“உன் லேப்டாப்புக்கு இருக்கிற புத்திகூட உனக்கு இல்ல” என்றாள் லொரெய்ன். “அது என் அடுப்படி கடிகாரம் காட்டுற மணியைத்தான் காட்டிச்சு.”

அக்கா துண்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு உள்ளே ஓடினாள்.

தொலைநோக்கியில் மாட்டும் கேமராவின் பழைய மென்பொருளுக்குப் பேஜ் நேரம் மட்டும்தான் தெரியும். லேப்டாப் காட்டும் மணியோடு ஏழு மணி நேரத்தைக் கூட்டி, வானியல்காரர்கள் எல்லோரும் பயன்படுத்தும் உலக நேரம் என்று பதிந்துவிடும். லேப்டாப்போ போன் மூலம் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்து, ஒரு மணி முன்னே தாவியிருந்தது. படங்களைத் திறந்து பார்த்தோம். நட்சத்திரங்களுக்கு நடுவே கல் இருந்த இடமும் அதையே சொன்னது: பதிந்த நேரத்தில் இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால்.

அக்கா எல்லாவற்றிலும் ஒரு மணி நேரத்தைக் கழித்தாள். லொரெய்ன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் கழித்து அக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

“பிந்தல. ஆறு நிமிஷம் முந்தி வருது.”

“அப்ப வேகம் கூடுதா?” என்று கேட்டேன்.

“கூடுதுன்னு சொல்ல ஆசைதான். என் அளவுலயே அஞ்சு நிமிஷம் பிசகலாம். ஆறு நிமிஷத்தை வச்சுக்கிட்டு என்னத்தை சொல்ல?”

ஒருவரும் காணாததைக் கண்ட சந்தோஷம் அவள் முகத்திலிருந்து வடிந்ததை நான் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கட்டுரையை அழித்தாள். லேப்டாப்பை உலக நேரத்தில் நிறுத்தி, இனி எந்த டவர் சொன்னாலும் மாறாதபடி பூட்டினாள்.

“கல்லு இன்னும் எத்தனை நாள் தெரியும்?” லொரெய்ன் கேட்டாள்.

“நிலா வெளிச்சம் வந்து மறைக்கிற வரைக்கும். ஒரு வாரம்.”

“போதுமா?”

“தெரியல. இன்னும் நாலஞ்சு நல்ல உச்சம் கிடைச்சா பிசகு பாதியாகலாம். இல்லேன்னா அடுத்த தடவை அது வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.”

அக்கா அடுப்பில் இருந்த கறியை மூடி அப்படியே பாத்திரத்தோடு துணியில் கட்டினாள். ஈரத் தலையைக்கூடத் துவட்டவில்லை. அங்கே போய்ச் சாப்பிடலாம், வெளிச்சத்திலேயே கேபிள்களை எல்லாம் சரிபார்த்துவிடலாம் என்றாள். நான் என் பையையும் எடுத்துக்கொண்டேன். அதில் எப்போதும் எல்லாம் கட்டியபடிதான் இருக்கும்.

லாரியில் ஏறும்போது லொரெய்ன் கேட்டாள், “ராத்திரி எத்தனை மணிக்கு ஆரம்பிப்ப?”

அக்கா ஒரு மணியைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள்.

“இருட்டினதும்” என்றாள்.